99 சென்ட் டின்னும் 10 ரூபாய் சோடாவும்: விலையை ஏத்தாம இருக்க யாரால முடியும்?



2022-ல் நம்ம சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு ஐஸ் டீ கம்பெனி, 30 வருஷமா ஒரே விலை, ஒரு டின் 99 சென்ட். ஊரெல்லாம் விலை ஏறும்போது இவங்க மட்டும் ஏத்தல. "வாடிக்கையாளரை நேசிக்கிற கம்பெனி இப்படித்தான் இருக்கும்" என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசி முடிச்சிருந்தேன். நல்லா ஓடின வீடியோ அது. நிறைய பேர் ஸ்டேட்டஸில் வைச்சீங்க.

அந்த வீடியோவில் நான் பாதிதான் சொன்னேன். சொல்லாமல் விட்ட பாதி ஒருத்தருக்குப் பெரிய நஷ்டமாகிப் போச்சு. அவர் என் கிளையன்ட். அதனால இன்னிக்கு அந்தக் கதையை மறுபடி, இந்தத் தடவை ஒரு ஆடிட்டராக, சொல்றேன். கடைசியில் உங்க சம்பளத்துக்கும் வருவேன்.

கதை என்ன?

டான் வுல்டாஜியோ, ஜான் ஃபெரோலிடோ என்ற இரண்டு நண்பர்கள் நியூயார்க்கின் புரூக்ளினில் பீர் விநியோகம் செய்துகிட்டிருந்தாங்க. பாட்டிலில் அடைத்த ஐஸ் டீ நல்லா போவதைப் பார்த்து, 1992-ல் அரிசோனாவைத் தொடங்கினாங்க. அரிசோனா மாநிலத்துக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேர் குளிர்பானத்துக்குப் பொருத்தமா இருந்தது, அவ்வளவுதான்.

அவங்க செய்த வித்தியாசம் அளவில். மத்தவங்க சின்ன பாட்டில் விற்கும்போது இவங்க 23 அவுன்ஸ், அதாவது சுமார் 680 மில்லி பிடிக்கிற உயரமான டின்னைக் கொண்டு வந்தாங்க. விலை 99 சென்ட். கடைக்காரர்கள் அதுக்கு மேல வைத்து விற்கக் கூடாது என்று 1990-களின் நடுவிலிருந்து டின் மேலேயே "99 சென்ட்" என்று பெரிசா அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. நமக்கு எம்.ஆர்.பி. பழகிப் போச்சு. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே ஒரு பொருளின் மேல் விலையை அச்சடிப்பது கம்பெனி தானே தன் கையைக் கட்டிக்கொள்வது மாதிரி.

அமெரிக்காவின் விலைவாசிக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டால், 1992-ல் 99 சென்டுக்கு வாங்கின பொருளுக்கு 2024-ல் சுமார் 2 டாலர் 20 சென்ட் கொடுக்கணும். ஜூன் 2022-ல் அங்கே பணவீக்கம் 9.1%, நாற்பது வருஷத்தில் இல்லாத உச்சம். அலுமினியம் ஏறிச்சு, மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு ஏறிச்சு, டீசல் ஏறிச்சு. கோக், பெப்சி எல்லாம் விலையை ஏத்தினாங்க. அரிசோனா ஏத்தல.

எப்படிச் சமாளிச்சாங்க? டின்னோட தகட்டை மெலிசாக்கினாங்க. வேகமா ஓடுகிற மெஷின் வாங்கினாங்க. பகலில் டிராஃபிக்கில் லாரி நிற்காமல் இருக்க இரவில் சரக்கு அனுப்பினாங்க. டி.வி. விளம்பரத்துக்குப் பெரிசா செலவழிக்கவே இல்லை. டின் மேல இருக்கிற 99 சென்ட்தான் அவங்க விளம்பரம். 2019-ல் அடிடாஸோடு சேர்ந்து நியூயார்க்கில் 99 சென்டுக்கு ஷூ விற்கப் போறோம்னு அறிவிச்சாங்க. வந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போலீஸ் வந்து கடையையே மூட வைக்க வேண்டியதாப் போச்சு. ஒரு விலை இந்த அளவுக்குப் பிரபலமானால் தனியா விளம்பரம் எதுக்கு?

இதுவரைக்கும் 2022 வீடியோவில் சொன்னேன். இனிமேல் வருவது நான் சொல்லாதது.

லாபக் கணக்கை மட்டும் பார்த்தது என் தப்பு

சி.ஏ. படிக்கும்போது முதலில் சொல்லித் தர்றதே, ஒரு கம்பெனியைப் புரிஞ்சுக்க லாப நஷ்டக் கணக்கு மட்டும் போதாது, பேலன்ஸ் ஷீட்டும் வேணும் என்பதுதான். லாப நஷ்டக் கணக்கு இந்த வருஷம் என்ன நடந்தது என்று சொல்லும். பேலன்ஸ் ஷீட் யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கு என்று சொல்லும்.

அரிசோனா விஷயத்தில் பதில் இரண்டாவதில்தான் இருக்கு. அது பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கம்பெனி. இரண்டு பங்குதாரர்களுக்கும் நடுவில் பல வருஷம் வழக்கு நடந்து, 2015-ல் ஃபெரோலிடோவின் பங்கை வுல்டாஜியோ வாங்கிக்கிட்டார். அதுக்கப்புறம் கம்பெனி அவர் குடும்பத்தின் கையில். "கடன் கிடையாது, கட்டடம் மெஷின் எல்லாம் எங்களோடது, அப்புறம் எதுக்கு வாடகை கொடுக்கவே கஷ்டப்படுறவங்ககிட்ட அதிகமா வாங்கணும்?" என்ற அர்த்தத்தில் அவர் 2024-ல் பேட்டி கொடுத்தார்.

எல்லாரும் அந்தப் பேச்சின் பின்பாதியைத்தான் பகிர்ந்தாங்க. நானும்தான். ஆனால் முன்பாதி இல்லாமல் பின்பாதி கிடையாது.

இப்படிப் பாருங்க. வருஷத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டின் விற்பதாகச் செய்திகளில் வந்திருக்கு. டின்னுக்கு 10 சென்ட் ஏத்தினால் 10 கோடி டாலர். அதில் கடைக்காரர், விநியோகஸ்தர் பங்கு போகக் கம்பெனிக்குப் பாதிதான் வருதுன்னு வைச்சுக்குவோம். 5 கோடி டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 425 கோடி ரூபாய். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பணத்தை எடுக்காமல் விடணும்.

பங்குச்சந்தையில் இருக்கிற ஒரு கம்பெனியின் தலைவர் இதைச் செய்தால் என்ன ஆகும்? மூணு மாசத்துக்கு ஒருமுறை வரும் ரிசல்ட்டில் "ஏன் ஏத்தல?" என்று கேள்வி வரும். இரண்டு தடவை பொறுப்பாங்க. மூணாவது தடவை தலைவரே மாறுவார். வங்கிக்கு வட்டி கட்டுகிற கம்பெனி என்றால் இன்னும் மோசம். வங்கி பொறுக்கவே பொறுக்காது.

"காஸ்ட்கோ 1985-லிருந்து ஹாட் டாக்கை ஒன்றரை டாலருக்கே விற்குதே, அது பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிதானே?" என்று நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் காஸ்ட்கோ உள்ளே போகவே ஆண்டுச் சந்தா கட்டணும். லாபத்தில் பெரிய பங்கு அங்கிருந்து வருது. ஹாட் டாக் உங்களைக் கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு வர்ற வேலையைச் செய்யுது. ஏத்தாத விலைக்குப் பின்னால் அங்கேயும் வேற ஒரு வருமானம் தாங்கி நிற்குது.

ஆக, விலையை ஏத்தாமல் இருப்பது மனசைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை. அந்த முடிவின் செலவை யார் தாங்குறாங்க என்பதுதான் கேள்வி. அரிசோனாவில் முதலாளியின் லாபம் தாங்குது. அவர் ஃபோர்ப்ஸ் பட்டியலில் இருக்கிற பில்லியனர். அவரால் தாங்க முடியும்.

இன்னொரு விஷயமும் நேர்மையா சொல்லிடணும். அந்த 23 அவுன்ஸ் டின் இப்போ 22 அவுன்ஸ். நம்ம ஊர் 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வருஷா வருஷம் இளைச்ச மாதிரி இல்லை, ஆனாலும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உள்ளே இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணிதான். குறைந்த விலை என்பதால் அது நல்ல பொருள் ஆகிடாது.

கோக் 70 வருஷம் ஏத்தாதது பாசத்தால் இல்லை

விலை ஏறாமல் இருந்தாலே அது பெருந்தன்மை என்று நினைக்கிறவங்களுக்காக இன்னொரு கதை.

1886-ல் அட்லாண்டாவில் கோக கோலா வந்தபோது ஒரு கிளாஸ் 5 சென்ட். 1950-கள் வரைக்கும், இரண்டு உலகப் போர், நடுவில் ஒரு பெரும் பொருளாதார மந்தம் எல்லாம் தாண்டி, ஆறரை அவுன்ஸ் கோக் பெரும்பாலான இடங்களில் அதே 5 சென்ட். கிட்டத்தட்ட 70 வருஷம்.

காரணம் என்ன தெரியுமா? 1899-ல் இரண்டு வக்கீல்கள் வந்து கோக்கைப் பாட்டிலில் அடைத்து விற்கிற உரிமையைக் கேட்டாங்க. அப்போதைய முதலாளி ஆசா கேண்ட்லருக்குப் பாட்டில் வியாபாரத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தார். அவங்களுக்குக் கொடுக்கிற சிரப்போட விலையும் மாறாதுன்னு ஒப்பந்தம். எத்தனை வருஷத்துக்கு என்று கெடு போடவே இல்லை.

பாட்டில் வியாபாரம் வெடிச்சு வளர்ந்தது. சிரப் விலையைக் கம்பெனியால் ஏத்த முடியல. பாட்டில் போடுறவங்க விலையை ஏத்தினால் லாபம் அவங்களுக்குத்தான் போகும், விற்பனைதான் குறையும். அதனால கம்பெனியே ஊரெல்லாம் "கோக் 5 சென்ட்" என்று போர்டு வைச்சது. போர்டைப் பார்த்த மக்கள் அதுக்கு மேல கொடுக்க மாட்டாங்க இல்லையா, அதுக்காக.

1920-களில் ஒப்பந்தத்தை மாத்திக்கிட்டாங்க. ஆனால் அதுக்கப்புறம் வேறொரு பூட்டு விழுந்தது. காசு போட்டால் கோக் தர்ற மெஷின்கள் நாடு முழுக்க வந்தன. அவை 5 சென்ட் நாணயத்தை மட்டும்தான் வாங்கும். அடுத்த நாணயம் 10 சென்ட். ஒரே நாளில் விலையை இரண்டு மடங்கு ஆக்கினால் யார் வாங்குவாங்க? 1953-ல் கோக்கின் ராபர்ட் உட்ரஃப், ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கடிதம் எழுதி, ஏழரை சென்ட் நாணயம் அடிக்கச் சொல்லிக் கேட்டார். அப்படி ஒரு நாணயம் வரவே இல்லை. 1950-களின் கடைசியில்தான் 5 சென்ட் கோக் முழுசா மறைஞ்சது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கோக் ஏத்தாமல் இருந்தது, மாட்டிக்கிட்டதால். அரிசோனா ஏத்தாமல் இருக்கிறது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

இப்போ என் கிளையன்ட்

தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அவர் பன்னீர் சோடாவும் கலரும் போடுறவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லி, அவர் அனுமதியோடுதான் எழுதுறேன். எண்களை ரவுண்டு பண்ணியிருக்கேன்.

200 மில்லி பாட்டில், எம்.ஆர்.பி. 10 ரூபாய். கடைக்கு அவர் கொடுத்தது 7 ரூபாய் 70 காசுக்கு. இந்த மாதிரி பானத்துக்கு அப்போ 28% ஜி.எஸ்.டி., அதுக்கு மேல 12% செஸ், ஆக மொத்தம் 40% வரி. 7.70-ல் வரி போனால் கையில் நிற்பது 5 ரூபாய் 50 காசு.

பாட்டில், மூடி, லேபிள் 2.20. சர்க்கரை, எசன்ஸ், கேஸ் 1.10. ஆள் கூலி, கரன்ட், வண்டி 1.20. ஆக 4.50. பாட்டிலுக்கு ஒரு ரூபாய் மிச்சம். மாசம் 60,000 பாட்டில், 60,000 ரூபாய். புது மெஷினுக்கு வாங்கின கடனுக்கு மாசம் 42,000 தவணை. வீட்டுக்கு 18,000. இறுக்கம்தான், ஆனால் ஓடுச்சு.

2022-ல் கச்சா எண்ணெய் ஏறினதில் பாட்டில் விலை ஏறிச்சு. சர்க்கரையும் டீசலும் சேர்ந்து ஒரு பாட்டிலுக்கு அடக்கம் 5.60 ஆயிடுச்சு. அதாவது ஒவ்வொரு பாட்டிலிலும் 10 காசு நஷ்டம். 60,000 பாட்டிலுக்கு 6,000. தவணை 42,000. மாசம் 48,000 ரூபாய் பள்ளம்.

நான் கேட்டேன், "அண்ணாச்சி, 12 ரூபாய் போடலாமே?"

"தம்பி, பத்து ரூவான்னுதான் ஊருக்கே தெரியும். பன்னெண்டுன்னா கடைக்காரன் சில்லறைக்கு எங்க போவான்? என் பாட்டில உள்ள தள்ளிட்டு அடுத்தவன் பாட்டில முன்னால வைப்பான்."

கோக்குக்கு நாணயத்தால் வந்த அதே பிரச்சினை. அது அப்போ எனக்குத் தோணல. எனக்குத் தோணினது அரிசோனா. வீடியோ போட்டு ஒரு மாசம்கூட ஆகலை. ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, ரொம்ப உற்சாகமா, அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். "30 வருஷமா ஏத்தல அண்ணாச்சி, இன்னிக்கு எங்கேயோ இருக்காங்க."

அவருக்குப் பிடிச்சுப் போச்சு. அவர் ஏற்கெனவே செய்ய நினைத்ததுக்கு, படிச்ச ஒருத்தன் வாயிலிருந்து ஒரு காரணம் கிடைச்சது. "நாமளும் பிடிச்சு நிப்போம் தம்பி"ன்னார்.

பத்து மாசம் பிடிச்சு நின்றார். 48,000 பத்து மாசத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். எங்கிருந்து வந்தது? அவர் வீட்டம்மா நகை. மூணு தடவையா அடகுக் கடைக்குப் போச்சு. மாசா மாசம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டவன் நான். விற்பனை எண்ணும் கொள்முதல் எண்ணும் என் கண் முன்னாலதான் இருந்தது. ரிட்டர்ன் சரியா போகுதா என்று பார்த்தேனே தவிர, ஒரு தாளில் கூட்டிக் கழிச்சு "இந்தத் தேதிக்கு மேல தாங்காது" என்று அவர் முன்னால் வைக்கல.

பதினோராவது மாசம் தவணை நின்றது. மெஷினை வித்துக் கடனை அடைச்சார். நகையில் பாதிதான் திரும்பி வந்தது. இப்போ அவர் வேறொரு கம்பெனியின் தண்ணீர் கேன்களை வண்டியில் போட்டு விநியோகம் பண்றார்.

10 ரூபாயைப் பிடிச்சு நின்றது தப்பு என்று நான் சொல்லல. கடன் இல்லாமல் இருந்திருந்தால் மாசம் 6,000 நஷ்டம்தான். அதைச் சேமிப்பிலிருந்து தாங்கிக்கொண்டு, பாட்டில் விலை இறங்குகிற வரைக்கும் ஓட்டியிருக்கலாம். கொன்றது அந்த 42,000. அதே முடிவு, அதே பிடிவாதம், அதே நல்ல எண்ணம். வேறாக இருந்தது பேலன்ஸ் ஷீட் மட்டும்.

உங்க விலை என்ன?

இதில் உங்களுக்கு என்ன இருக்கு? நீங்க சோடா விற்கல. ஆனால் நீங்களும் ஒண்ணு விற்கிறீங்க. மாசம் 200 மணி நேரம். அதன் விலைதான் சம்பளம்.

நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிகளில் புதுசா சேர்கிறவங்களுக்குப் பத்துப் பதினஞ்சு வருஷமா 3 லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம்தான் பேக்கேஜ். இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீடு 2012-ல் 100 என்று வைத்துத் தொடங்கியது, 2024-ல் 190-ஐத் தாண்டிடுச்சு. அதாவது 2012-ல் மூன்றேகால் லட்சம் வாங்கினவர் வாழ்ந்த வாழ்க்கையை இன்னிக்கு வாழ 6 லட்சத்துக்கு மேல வேணும். நீங்க வாங்கறது அதே மூன்றேகால்.

கவனிச்சீங்களா? ஏறாத விலை இங்கேயும் இருக்கு. ஆனால் இந்த 99 சென்ட் டின்னில் முதலாளி நீங்க இல்லை. டின்னே நீங்கதான். விலை ஏறாததின் செலவை உங்க அப்பாவின் ஓய்வுப் பணமும், உங்க கிரெடிட் கார்டும், ஷேரிங் ரூமும் தாங்குது.

"கம்பெனி கஷ்டத்தில் இருக்கும்போது இன்கிரிமென்ட் கேட்க சங்கடமா இருக்கு சார்" என்று என்னிடம் சொன்ன பசங்க நிறைய. உங்க நல்ல மனசை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெருந்தன்மையைக் காட்ட உங்க பேலன்ஸ் ஷீட் அனுமதிக்குதா என்று முதலில் பாருங்க. அண்ணாச்சிக்கு நான் போட்டுக் கொடுக்காத தாளை உங்களுக்குச் சொல்றேன். மூணே வரி.

ஒண்ணு, உண்மையான இன்கிரிமென்ட். சம்பளம் 40,000, இன்கிரிமென்ட் 4%. புதுச் சம்பளம் 41,600. விலைவாசி 6% ஏறியிருந்தால் 41,600-ஐ 1.06-ஆல் வகுங்க. 39,245 வரும். அதாவது போன வருஷத்தைவிட மாசம் 755 ரூபாய் குறைவான சம்பளத்துக்கு நீங்க கேக் வெட்டியிருக்கீங்க. 6% என்பது உதாரணம்தான். உங்க வாடகை, மளிகை, பஸ், மெஸ் பில் எவ்வளவு ஏறிச்சு என்று போட்டால் உங்க சொந்தப் பணவீக்கம் தெரியும். இன்கிரிமென்ட் பேசப் போகும்போது அந்த எண்ணோடு போங்க. "எனக்கும் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் மேனேஜருக்கு மேல் மட்டத்தில் பேச ஒண்ணும் இருக்காது.

இரண்டு, தவணை. பைக், போன், பர்சனல் லோன், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. எல்லாம் கூட்டுங்க. கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை சதவீதம்? வீட்டுக் கடன் இல்லாத 25 வயசுக்காரருக்கு அது 15-20 சதவீதத்தைத் தாண்டினால் எனக்குப் பயம் வரும். இது சட்டம் இல்லை, என் கருத்து. காரணம், இ.எம்.ஐ. உங்க பணத்தை மட்டும் எடுக்கல. "முடியாது" என்று சொல்கிற தைரியத்தையும் எடுக்குது. நைட் ஷிப்ட் தொடர்ந்து போடும்போது, சம்பளம் ஏறாதபோது, மேலதிகாரி மரியாதை இல்லாமல் பேசும்போது, வெளியே போக நினைக்கிறவரை அந்த மாசத் தவணைதான் நாற்காலியில் பிடிச்சு உட்கார வைக்குது.

மூணு, தாங்கும் மாசம். இன்னிக்குச் சம்பளம் நின்றால் சேமிப்பு எத்தனை மாசத்துக்கு வரும்? வங்கியில் இருப்பதை மாசச் செலவு பிளஸ் இ.எம்.ஐ.-ஆல் வகுங்க. ஒண்ணுக்குக் கீழே வந்தால் நீங்க பேரம் பேசும் நிலையிலேயே இல்லை. ஆறு வந்தால் வேறு வேலை தேடிக்கொண்டே நிதானமா பேசலாம். அந்த ஆறு மாசப் பணத்துக்கு வங்கி கொடுக்கிற வட்டி சின்னதுதான். அது உங்களுக்கு வாங்கித் தர்ற சுதந்திரம் எந்த மியூச்சுவல் ஃபண்டின் ரிட்டர்னிலும் தெரியாது.

வுல்டாஜியோவிடமிருந்து கத்துக்க வேண்டியது இதுதான். குறைந்த விலையை இல்லை. கடன் இல்லாத நிலையை. அது வந்தபிறகு நீங்க சம்பளம் குறைவான ஆனால் மனசுக்குப் பிடிச்ச வேலைக்குப் போகலாம். ஊரில் இருக்கிற பசங்களுக்கு இலவசமா கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். உங்க சேவையைப் பாதி விலைக்குத் தரலாம். அப்போ அது உண்மையான பெருந்தன்மை. அதுக்கு முன்னாடி செய்தால் அடகுக் கடையில்தான் போய் முடியும்.

கடைசியா ஒண்ணு

2025-ல் அமெரிக்கா இறக்குமதி அலுமினியத்துக்கு வரியை முதலில் 25%, பிறகு ஜூன் மாசம் 50% என்று ஏத்தியது. இது தொடர்ந்தால் 99 சென்டை மாத்த வேண்டி வரலாம் என்று வுல்டாஜியோவே வெளிப்படையா சொன்னார். கடன் இல்லாத பில்லியனருக்கே ஒரு எல்லை இருக்கு.

அந்தச் செய்தி வந்த வாரம் அண்ணாச்சி வேறு ஒரு விஷயமா போன் பண்ணினார். பேச்சுவாக்கில் கேட்டார். "தம்பி, நீங்க சொன்ன அந்த அமெரிக்காக்காரர், இன்னும் ஏத்தலையா?"

"இன்னும் இல்லை அண்ணாச்சி. ஆனா ஏத்த வேண்டி வரலாம்னு பேசிக்கிட்டிருக்கார்." கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னேன், "அவருக்குக் கடனே கிடையாது அண்ணாச்சி. அதை நான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சார். "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

பழைய வீடியோவை நான் எடுக்கல. அதுக்குக் கீழே முதல் வரியாக இந்தப் பதிவின் இணைப்பை வைச்சிருக்கேன். இன்னிக்கு ராத்திரி ஒரு தாள் எடுத்து அந்த மூணு வரியையும் போட்டுப் பாருங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்.